கப்பித்தான் துரையிடம் சுருட்டு கேட்ட நாள்

அன்று அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பத்திரிகை வந்த மறுநாள் யாராவது கடைக்கு வந்து, "நானும்தானே இருந்தேன், என்னை விட்டுட்டியே" என்று நிற்பார்கள். எனக்கு அந்தக் கவலை உண்டு.

நான். என் மனைவி மா சான். எங்கள் மகன் குமார். பூசாரி கண்ணையா. இங்கிலாந்திலிருந்து வந்த ஹெலன் அம்மா. அவரை ஏற்றிவந்த டாக்சிக்காரர். ஆனால் அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினார். பூசாரியின் நாய். அப்புறம், மண்ணுக்கு அடியில், கப்பித்தான் துரை.

இவ்வளவு பேர்தான். வேறு யாராவது இருந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

இடம், யாங்கோனுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியின் என்ற ஊரில், ஆற்றங்கரையில் ஒரு பழைய அரிசிக் கிடங்கின் பின்பக்கம். மழை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலை எடுத்தால் செருப்பு மண்ணிலேயே தங்கிவிடும். கல்லறைக்கு முன்னால் பித்தளைத் தட்டு. தட்டின் மேல் பற்றவைத்த சுருட்டு ஒன்று. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மகன் கப்பலுக்குப் போவதா வேண்டாமா என்பது அந்தச் சுருட்டில்தான் இருந்தது.

சுருட்டு கேட்பது

நம் ஆட்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். கப்பித்தான் துரைக்குப் பூ ஆகாது. அவருக்குச் சுருட்டு.

கப்பித்தான் துரை என்பவர் பாய்மரக் காலத்து வெள்ளைக்காரக் கேப்டன். கல்லில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்து, 'கேப்டன்' என்ற வார்த்தையும் ஒரு நங்கூரமும்தான் மிச்சம். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த எங்கள் முன்னோர்கள் அந்த நங்கூரத்துக்குச் சந்தனம் வைத்தார்கள். புயல் வந்த ஒரு நாள், நீலக்கோட்டு போட்ட ஒருவர் ஆற்றோரம் நின்று "போகாதே" என்று கையைக் காட்டினாராம். போகாதவர்கள் பிழைத்தார்கள். அன்றிலிருந்து அவர் சாமி.

வருடத்துக்கு ஒருமுறை அவருக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக்கோட்டு தைத்துக் கல்லுக்குப் போர்த்துவோம். ரெக்ஸினில் ஒரு தொப்பியும் உண்டு. தேங்காய் உடைப்பதில்லை. எவர்சில்வர் டம்ளரில் ரம், ஒரு தட்டில் வெண்ணெய் பிஸ்கட். காலையில் திரையை விலக்கும்போது கண்ணையா விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "குட்மார்னிங் சார்" என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். சாமிக்கு அது போதும்.

கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அவரைக் கேட்காமல் போகமாட்டார்கள். சுருட்டைப் பற்றவைத்துத் தட்டில் வைக்கவேண்டும். யாரும் ஊதக்கூடாது, விசிறக்கூடாது. அடியில் ஒட்டியிருக்கிற காகித வளையம்வரை எரிந்தால் போகலாம். நடுவில் அணைந்தால் போகக்கூடாது. மழைக்காலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். ஈரத்தில் எந்தச் சுருட்டு எரியும்? சாமி மேல் நம்பிக்கை இருந்தாலும் கொஞ்சம் யோசனையும் வேண்டும் அல்லவா?

நான் எப்படிப்பட்ட ஆள்

எனக்குக் கடை யாங்கோனில், லான்மடாவில். கயிறு, தார்ப்பாய், நைலான் நூல். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. என் உத்தியோகம் கயிறு விற்பது என்றாலும் தொழில் என்னவோ கவலைப்படுவதுதான்.

தன்லியினுக்குப் போகப் பாலத்தில் பஸ் ஏறியதும் நான் ஜன்னலைத் திறந்துவிடுவேன். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். பஸ் ஆற்றில் விழுந்தால் வெளியே வரத் தோதாக இருக்கும். "நீச்சல் தெரியுமா?" என்று மா சான் கேட்பாள். தெரியாது. "பிறகு வெளியே வந்து என்ன செய்வீங்க?" என்பாள். நான் செருப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

மா சானின் அப்பா பர்மியர், அம்மா தமிழ். கவலை என்பது அவள் ரத்தத்தில் கிடையாது. ஆனால் குமாருக்குக் கப்பலில் மெஸ்மேன் வேலை கிடைத்தது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பேசுவதையே குறைத்துவிட்டாள். மெஸ்மேன் என்றால் சாப்பாடு பரிமாறி, தட்டுக் கழுவி, அதிகாரிகளின் படுக்கையை உதறிப் போடுகிறவன். "வீட்டுல சாப்பிட்ட தட்டைக் கழுவினதில்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

எனக்கோ இரண்டு பக்கமும் கவலை. போனால் கடல். போகாவிட்டால் இங்கே இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு என்ன இருக்கிறது? ஏஜென்ட் மறுநாள் காலைக்குள் பதில் கேட்டிருந்தார். மெடிக்கல் முடிந்து, பாஸ்போர்ட்டும் கையில் இருந்தது.

"கப்பித்தான்கிட்ட கேளுங்க. அவர் சொன்னா சரி" என்றாள் மா சான்.

குமாரோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

டாக்சியில் வந்த உறவுக்காரி

சுருட்டு கால் பாகம் எரிந்திருக்கும். கிடங்குப் பக்கம் டாக்சி வந்து நின்றது. பூப்போட்ட தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு வெள்ளைக்கார அம்மா இறங்கினார். எழுபது வயது இருக்கலாம். மண்ணுக்குத் தகுந்த செருப்போடு அந்த இடத்துக்கு வந்த முதல் மனுஷி அவர்தான்.

குமார் கப்பல் வேலைக்காக இங்கிலீஷ் படித்தவன். அவன்தான் பேசினான். பேசிவிட்டுத் திரும்பியபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அப்பா, இவங்க பேரு ஹெலன். மக இங்க யாங்கோன்ல பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறாங்களாம். இந்தக் கப்பித்தான் இவங்களுக்கு நாலஞ்சு தலைமுறைக்கு முந்தின தாத்தா முறையாம். அவரோட அண்ணன் வழி."

கண்ணையா எழுந்து நின்று ஹெலன் அம்மாவுக்கும் சல்யூட் அடித்தார். "குட்மார்னிங் சார்."

அப்போது சாயங்காலம் நாலு மணி.

ஹெலன் அம்மா நீலக்கோட்டைப் பார்த்தார். தொப்பி, ரம், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இவரை எதுக்குக் கும்பிடுறீங்கன்னு கேக்குறாங்க."

"பெரிய வீரர்னு சொல்லு தம்பி" என்றார் கண்ணையா. "ஏழு கடலையும் ஆண்டவர். முதலையோட சண்டை போட்டு நம்ம ஆளுங்களைக் காப்பாத்திட்டு உயிரை விட்டவர்."

குமார் சொன்னான். ஹெலன் அம்மா கண்ணையாவின் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட செய்தி சொல்லுமுன் டாக்டர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

முதலில் அவர் கேப்டனின் சொந்தப் பெயரைச் சொன்னார். கண்ணையா உடனே காதைப் பொத்திக்கொண்டார். "சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லாத தம்பி!" அதனால் அந்தப் பெயர் எனக்கும் தெரியாது.

ஒரு கேப்டனின் உத்தியோகம்

"பதினோரு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டுக் கப்பல்ல ஏறிட்டாராம்" என்று தொடங்கினான் குமார்.

எனக்குச் சந்தோஷம். "நான் ஆறாவதோட நின்னவன்னு சொல்லு" என்றேன். அவன் சொல்லவில்லை.

"கப்பல்ல ஏறின நாள்லருந்து வாந்தியாம். சாகுற வரைக்கும் நிக்கலையாம்."

கண்ணையா நாயைப் பார்த்தார்.

"ரொம்ப வருசம் சின்ன அதிகாரியாவே இருந்தாராம். மேல இருந்த மூணு பேரு காய்ச்சல்ல போனதால, வேற ஆள் இல்லாம, ஃபிரிகேட்னு ஒரு போர்க்கப்பலைக் குடுத்தாங்களாம். மூணு பாய்மரம், ஒரு தளம் முழுக்க பீரங்கி. வேகமான கப்பலாம். எல்லாக் கேப்டனுக்கும் அதுதான் ஆசையாம்."

"அப்படிச் சொல்லு!" என்றார் கண்ணையா.

"துறைமுகத்தை விட்டு வெளிய வந்ததுமே அதைச் சேத்துல ஏத்திட்டாராம். கரையில பேண்டு வாசிச்சவங்க இன்னும் வாசிச்சுக்கிட்டே இருந்தாங்களாம்."

சுருட்டுச் சாம்பல் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மா சான், அங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய் திறந்தாள்.

"எத்தனை பேர் செத்தாங்க?"

குமார் கேட்டு அம்மாவுக்குச் சொன்னான்; அம்மாவை அவன் பர்மிய மொழியில் 'அமே' என்பான். "யாரும் சாகலையாம் அமே. சேத்துல உக்காந்துக்கிட்டே சாப்பிட்டாங்களாம்."

அடுத்து இன்னொரு கதை. ராத்திரி முழுக்க எதிரிக் கப்பல் ஒன்றைத் துரத்தியிருக்கிறார். விடிந்ததும் பார்த்தால் அது அவர்களுடைய சொந்தக் கப்பல். அதில் இருந்தவர் இவருக்கு மேலதிகாரி. இவர் துரத்துகிறார் என்று அவர் ஓடியிருக்கிறார்.

"சுட்டாரா?" என்றேன்.

"சுட்டாராம். ஒண்ணும் படலையாம்."

"எத்தனை பேர் செத்தாங்க?" என்றாள் மா சான்.

"யாரும் இல்ல அமே."

ஃபிரிகேட் கேப்டன்களுக்குச் சம்பளம் கொஞ்சம்தானாம். எதிரியின் சரக்குக் கப்பலைப் பிடித்தால் அதை விற்று அதில் பங்கு தருவார்களாம். எங்கள் கடைத்தெருவில் கமிஷன் மாதிரி. மற்றவர்கள் அந்தக் காசில் மாளிகை கட்டினார்கள். நம்மவர் ஆயுசில் ஒரே ஒரு கப்பலைப் பிடித்தார். அதில் முழுக்க மிளகு. ஊருக்குக் கொண்டுபோனால், பிடித்தது சரியா தப்பா என்று கோர்ட்டில் வழக்கு. வழக்கு முடிவதற்குள் பங்கைக் கண்ணில் காட்டாமலே இவரைப் பாதிச் சம்பளத்தில் வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். வருடக்கணக்காகப் பணத்துக்கு நடந்திருக்கிறார். கடைசியில் பர்மா சண்டைக்கு ஆள் பற்றவில்லை என்று இங்கே அனுப்பினார்கள்.

"முதலை?" என்று கண்ணையா மெல்லக் கேட்டார்.

"முதலை இல்லையாம் மாமா. இந்தக் கரையில இறங்கி டூரியன் பழம் சாப்பிட்டாராம். நிறையவாம். வயித்துக்கு ஒத்துக்கலையாம்."

கண்ணையா நெற்றியில் அடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ முகமெல்லாம் மலர்ந்து எங்களைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா! அன்னைக்கு யாரோ டூரியன் படைச்சாங்களே, மூணு நாள் மழை கொட்டி கூரை ஓலையெல்லாம் பறந்துச்சே! ஏன்னு எனக்கு இன்னைக்குத்தான் புரியுது!"

ஹெலன் அம்மா சிரித்தார். அவர்கள் வீட்டில் கேப்டனின் படம் ஒன்று இருக்கிறதாம். கக்கூஸ் போகிற வழியில் மாட்டியிருக்கிறார்களாம். பரம்பரை பரம்பரையாக 'உதவாத கேப்டன்' என்றே பெயராம்.

மா சான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹெலன் அம்மாவுக்கு நேராகப் போய் நின்றாள். கோயிலுக்கு என்றால் மட்டும் அவள் சேலை கட்டுவாள்.

"மொத்தத்துல கேளு குமார். ஏறினதுலருந்து சாகுற வரைக்கும். அவர் கப்பல்ல போன பிள்ளைங்க எத்தனை பேர் தண்ணியில போச்சு?"

குமார் கேட்டான். ஹெலன் அம்மா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். விரலை மடக்கி மடக்கி யோசித்தார். ஆற்றில் ஒரு மோட்டார் சம்பான் படகு போய், அதன் அலை கரைக்கு வந்து சேர்கிறவரை யோசித்தார்.

"ஒருத்தரும் இல்லையாம்" என்றான் குமார். "அவங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லையாம்."

"டோ ஹெலன்கிட்ட சொல்லு" என்று, பெரியவர்களுக்கான பர்மிய மரியாதையோடு, சொன்னாள் மா சான். "பிள்ளையப் பெத்தவளுக்கு இதைவிட என்ன கேப்டன் வேணும்? அந்தப் படத்தை எடுத்து வாசல்ல மாட்டச் சொல்லு."

கரண்ட் வந்தது

அந்த நேரம் பார்த்துத் தெருப் பக்கத்திலிருந்து கூச்சல். "மீ லாபி! மீ லாபி!"

யாங்கோனில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை மணி நேரம் இருக்கும் என்று தெரியாது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கல்யாண வீட்டில் தாலியைக் கையில் வைத்திருப்பவன்கூட ஓடுவான்.

நாங்களும் ஓடினோம். கண்ணையா தண்ணீர் மோட்டாரைப் போட ஓடினார். குமார் எல்லோருடைய போனையும் வாங்கிக்கொண்டு பூசாரி வீட்டுப் பிளக்கைத் தேடி ஓடினான். மா சான் கண்ணையா வீட்டு ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டாள். பூசாரி சம்சாரம் ஊரில் இல்லை, அவர் பட்டினி கிடப்பாரே என்று. நான் ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை. என் கையில் பவர் பேங்க் இருந்தது. நாய்கூட எங்களோடு ஓடியது.

திரும்பி வந்தால் ஹெலன் அம்மா மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கோயில் சீரியல் லைட் சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறது. சுருட்டு அணைந்திருந்தது.

பாதியில். வளையத்துக்கு இன்னும் இரண்டு விரற்கடை இருக்க.

ரத்த சம்பந்தம்

கண்ணையா குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். "அணைஞ்சது அணைஞ்சதுதான்" என்றார்.

"காத்துல அணைஞ்சிருக்கும்" என்றாள் மா சான். கொஞ்சம் முன்னால்வரை பிள்ளை போகக்கூடாது என்று இருந்தவள் அவள்தான்.

"காத்து யாரு அனுப்புனது?"

"நீங்க மோட்டார் போட ஓடாம இங்க நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

"நான் நின்னா மட்டும் என்ன? கை வைக்கக் கூடாதே!"

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் சுருட்டு அணைந்தால் நிம்மதி என்று பாதி மனசு நினைத்துக்கொண்டிருந்தது. அணைந்த பிறகு அந்தப் பாதியைக் காணோம். குமார் புதுச் சட்டையின் கைமடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

என்ன நடந்தது என்று ஹெலன் அம்மா கேட்டார். குமார் தலைகுனிந்தபடி சொன்னான். தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து, யாரையும் கேட்காமல், சுருட்டைக் கையில் எடுத்தார்.

கண்ணையா, "ஐயோ!" என்றார்.

அதற்குள் சூடத்துக்கு வைத்திருந்த தீப்பெட்டியால் பற்றவைத்துவிட்டார். ஒரு இழுப்பு இழுத்ததும் பயங்கரமாக இருமினார். கண்ணில் தண்ணீர். நான் எழுந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி இழுத்தார்.

"என்னடா சொல்றாங்க?"

"சுருட்டு சிகரெட்டெல்லாம் விட்டு ரொம்ப வருசமாச்சாம். மகளுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாளாம்."

கப்பித்தான் கல்லின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி, இருமி இருமி, அந்த அம்மா வளையம்வரை இழுத்து முடித்தார். பிறகு துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணையாவை ஒரு பார்வை பார்த்தார். தீர்ப்புக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி.

கண்ணையா வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை.

"வேற யார் தொட்டிருந்தாலும் தோஷம்" என்றார். "ஆனா இவங்க அவரு ரத்தம். அவரு வாயி வேற, இவங்க வாயி வேறயா? சாமியே நேர்ல வந்து இழுத்து முடிச்சிருக்கு. எந்தப் பிள்ளைக்கு இது கிடைச்சிருக்கு?" விறைப்பாக நின்று, கல்லுக்கு ஒன்றும் ஹெலன் அம்மாவுக்கு ஒன்றுமாக இரண்டு சல்யூட் அடித்தார். "போயிட்டு வா தம்பி."

மா சான் குமாரின் கைமடிப்பை மறுபடி மடித்துவிட்டாள். ஹெலன் அம்மாவுக்கு அந்த டம்ளர் ரம்மைக் கொடுத்தோம். பிரசாதம் என்று குமார் விளக்கினான். மறுக்கவில்லை.

நான் மட்டும் கல்லுக்குப் பின்பக்கம் போய், யாருக்கும் கேட்காமல் ஒரு வேண்டுதல் வைத்தேன். 'துரை, உங்களுக்குச் சேரவேண்டிய பங்கு கடைசிவரை வரவில்லையாமே. பையன் நல்லபடியாகத் திரும்பி வந்தால், அதை நான் தருகிறேன்.' பர்மியப் பணமான சாட் கணக்கில் தொகையையும் சொன்னேன்.

இப்போது

குமார் கடலில் இருக்கிறான். எந்தக் கடல் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் சொல்கிறான். சிக்னல் கிடைத்தால் குரல் பதிவு அனுப்புகிறான். முதல் பதிவில், "அப்பா, இங்க கரண்ட் போறதே இல்லப்பா" என்று ஆச்சரியமாகச் சொல்லியிருந்தான். அடுத்ததில், வாந்தி நிற்கவில்லை என்றான். கப்பித்தானுக்கும் நிற்கவில்லை என்று மா சான் பதில் அனுப்பினாள். ஹெலன் அம்மா ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். அவர்கள் வீட்டு வாசலில், கோட்டு மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில், கப்பித்தான் துரை. வாந்தி வருகிறவர் மாதிரி முகம் கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கிறது.

வேண்டுதல் விஷயத்தை நானே வாய்தவறிக் கண்ணையாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவர் மாதம் ஒருமுறை பாலம் தாண்டிக் கடைக்கு வருகிறார். கோயில் கூரைக்குத் தகரம் போடவேண்டுமாம். "எப்படியும் குடுக்கத்தான போற? இப்பவே குடுத்துடு" என்கிறார். மா சானும், "சாமி காசு, கையில வெச்சிக்காதீங்க" என்கிறாள்.

நான் அசைவதாக இல்லை. நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். பங்குப் பணத்துக்காக ஆயுசு முழுக்க நடந்த மனுஷன் அவர். வரவேண்டிய பாக்கி என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு எந்தச் சாமிக்கும் தெரியாது. கொடுத்துத் தீர்த்துவிட்டால் எங்களை மறந்துவிடலாம். கொடுக்காத வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டார். பாக்கிக்காரன் மகனைத் தண்ணீரில் விட்டால் யாரிடம் போய்க் கேட்பார்?

ஆகவே, குமார் படகுத்துறையில் இறங்கி, செருப்பு மண்ணில் மாட்டி, என்னைத் திட்டிக்கொண்டே நடந்து வருகிற நாள்வரை, கப்பித்தான் துரைக்கு நான் தரவேண்டியது தரவேண்டியதாகவே இருக்கும்.

பாக்கி: இரண்டு லட்சம் சாட்.